வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்போது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்கள் என்று பலரும் விண்டோஸில் ஏதாவது கோளாறு வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இவை பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஃபார்மட் அடிச்சிடலாம்", அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றலாம் என்பதுதான் பல இடங்களில் முதல் பதிலாக வருகிறது. பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளுக்கு அது தேவையே இல்லை. மெஷினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம், அதற்குள் இருக்கும் கல்யாண போட்டோவையும் பிள்ளையின் ப்ராஜெக்டையும் அப்படித் திரும்ப வாங்க முடியாது.

கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஃபார்மட் அடிச்சா சரியாயிடுமா?

பெரும்பாலும் ஆகாது. ஃபார்மட் செய்த புதிதில் வேகமாகத் தெரியும். பழைய மென்பொருள்களையெல்லாம் மறுபடி ஏற்றியதும் பழைய கதைதான். அதனால் எது இழுக்கிறது என்று முதலில் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளுக்கு மேல் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் திணறும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும், அது ஓய்வாக இருக்கும்போது பார்த்துப் பயனில்லை.

சிபியு பத்து சதவீதம்தான், ஆனால் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கிறது என்றால், உங்களுடையது சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்காக இருக்க வாய்ப்பு அதிகம். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் (ஓடும் நிரல்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) போதவில்லை. சிபியு உச்சத்தில் நின்றால் அந்தத் தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். அதிகம் தின்னும் நிரல் மேலே வந்துவிடும்.

அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியும் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக எழுந்துகொள்ளும் நிரல்களின் பட்டியல் அது. மீட்டிங் ஆப், விளையாட்டு லாஞ்சர், பிரிண்டர் கம்பெனியின் உதவி நிரல் எதுவும் காலையிலிருந்தே ஓட வேண்டியதில்லை. வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். நிரல் அழியாது, நீங்கள் திறக்கும்போது மட்டும் ஓடும். ஆன்டிவைரஸ், சவுண்டு, டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தொடாமல் விடுங்கள்.

கைல கொஞ்சம் காசு இருக்கு. எஸ்எஸ்டி போடவா, ரேம் போடவா?

மேலே சொன்ன டாஸ்க் மேனேஜர்தான் இதற்கும் பதில் சொல்லும். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறது என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். பழைய மெஷினுக்கு இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும் செலவு வேறு இல்லை. நிமிடக்கணக்கில் திறந்த கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு நொடிக்கணக்கில் திறக்கும். இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்து தரச் சொல்லலாம், புதிதாக எல்லாம் ஏற்ற வேண்டியதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்து ரேம் 4 ஜிபி என்றால் 8 ஜிபி ஆக்குங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது விண்டோஸ் ஓடுவதற்கான அளவு. பிரவுசரில் பத்து டேப் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்ய அது பத்தாது. லேப்டாப் என்றால் ஒரு சோதனை: சில மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. வாங்கும் முன் மாடல் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

தினமும் ஷட் டவுன் பண்ணித்தான் தூங்குறேன். நீங்க ஏன் எப்பவும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றீங்க?

இரண்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உள்பகுதியை முழுவதும் மூடாமல், இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அணைகிறது. மறுநாள் அதையே எடுத்து வைத்துக்கொண்டு விரைவாக எழுகிறது. நேற்று டிரைவரில் (பிரிண்டர், சவுண்டு போன்ற பாகங்களை இயக்கும் நிரல்) ஏதாவது சிக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சிக்கலும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முழுக்க மூடி, முதலிலிருந்து தொடங்கும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைத் தொட்டால் கீழே அப்டைம் (கடைசியாக முழுக்கத் தொடங்கியதிலிருந்து ஆன நேரம்) என்று இருக்கும். தினமும் அணைப்பவர்களுக்கும் அது பல நாள் காட்டும். காரணம் இதுதான்.

சி டிரைவ் சிவப்பா நிறைஞ்சு கிடக்கு. எதை அழிக்கலாம்?

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று விண்டோஸே கணக்குக் காட்டும். அதில் டெம்பரரி ஃபைல்ஸ் என்பதைத் திறந்து வேண்டாதவற்றை அழிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும், அதில் டிக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பலர் ஆதார் பிடிஎஃப், மார்க் ஷீட் எல்லாவற்றையும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயேதான் வைத்திருக்கிறார்கள்.

பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பழைய பதிப்பு அப்படியே உட்கார்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம், பத்து நாளில் தானாகப் போய்விடும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைக் கட் செய்து டி டிரைவில் பேஸ்ட் செய்ய மட்டும் முயலாதீர்கள். நிரல்கள் ஓடாமல் போய்விடும். நகர்த்த வேண்டியது போட்டோவும் வீடியோவும்.

ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணுமே வரல.

டெஸ்க்டாப் என்றால் முதலில் மானிட்டர் கேபிள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் கேபிளை அந்தக் கார்டின் துளையில்தான் செருக வேண்டும். கூட்டிப் பெருக்கும்போது கழன்றதை மேலே மதர்போர்டு துளையில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

கேபிள் சரி என்றால் அடுத்தது ரேம். நம் ஊர்த் தூசிக்கும் ஈரப்பதத்துக்கும் ரேமின் தொடுமுனைகளில் அழுக்குப் படிவது சாதாரணம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள், தேங்கிய மின்சாரம் போய்விடும். கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு, உங்கள் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தையும் இறக்கிவிடுங்கள். ரேமின் இருபக்கக் கொக்கியை விலக்கி எடுத்து, பொன்னிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். திரும்பச் செருகும்போது கொக்கி 'டக்' என்று விழ வேண்டும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் ரேம் சரியாக உட்காரவில்லை.

லேப்டாப்பாக இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். இது கிராபிக்ஸ் டிரைவரை எழுப்பிவிடும். தூக்கத்திலிருந்து எழாத கறுப்புத் திரைக்குப் பலமுறை இதுவே போதும்.

ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தேதி பழசாயிடுது. வெப்சைட் எல்லாம் பாதுகாப்பு இல்லைனு வேற சொல்லுது.

இரண்டும் ஒரே கோளாறு. மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று பட்டன் வடிவில் ஒரு 3 வோல்ட் பேட்டரி உண்டு. கடையில் "சிமாஸ் பேட்டரி" என்று கேளுங்கள், சிஆர் 2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். அது தீர்ந்துவிட்டால் பவரைப் பிடுங்கிய ஒவ்வொரு முறையும் கடிகாரம் பின்னால் போகும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஒரு காலம் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் பழைய வருஷத்தில் நின்றால், பிரவுசர் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று முடிவு செய்து தடுத்துவிடும். பேட்டரியின் விலை மிகக் குறைவு. இதற்காக மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

வைஃபை கனெக்டட்னு காட்டுது, ஆனா நெட் வரல.

வைஃபை என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள தொடர்பு மட்டும்தான். ரவுட்டருக்கு அப்பால் நெட் இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதே வைஃபையில் போன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளிச் சிக்னலே வரவில்லை என்று பொருள். எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது உங்கள் வீட்டிலேயே அந்த மெல்லிய வயர் மடங்கியிருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்யும்போது "எல்ஓஎஸ் ரெட்" என்று சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால், அந்த வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

எழுத்து அடிச்சா நம்பர் வருது. சில நேரம் கீபோர்டு அழுத்தினா எதுவுமே வரல.

சிறிய லேப்டாப்களில் 'நம் லாக்' என்ற எண் பூட்டு ஆன் ஆகிவிட்டால் யு, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 என்று அடிக்கும். எஃப்என் விசையோடு நம் லாக்கை அழுத்துங்கள், சரியாகிவிடும். விசையை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வருகிறது என்றால், வலதுபக்க ஷிஃப்ட்டை யாரோ எட்டு நொடி பிடித்திருந்து ஃபில்டர் கீஸ் ஆன் ஆகியிருக்கிறது. செட்டிங்ஸில் அக்செஸிபிலிட்டி (விண்டோஸ் 10-இல் ஈஸ் ஆஃப் அக்செஸ்), கீபோர்டு என்று போய் அணைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது அடிக்கடி நடக்கும்.

சவுண்ட் திடீர்னு நின்னுடுச்சு.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பாருங்கள். டிவியையோ மானிட்டரையோ எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியதும் விண்டோஸ் ஒலியை அங்கே திருப்பிவிட்டிருக்கும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது. பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பிரிண்ட் கொடுத்தா போகவே மாட்டேங்குது. நாலு தடவை கொடுத்துட்டேன்.

நான்கும் வரிசையில் நிற்கின்றன. முதலாவது மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்பதெல்லாம் மாட்டிக்கொள்ளும், மறுபடி மறுபடி கொடுப்பதால் வரிசை நீளுமே தவிர நகராது. பிரிண்டர் வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் கேன்சல் செய்யுங்கள். அதிலும் "டிலீட்டிங்" என்று நின்றுவிட்டால், ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பிரிண்ட் ஸ்பூலர் என்பதை வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.

எந்தப் பிரிண்டருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பது காகிதத்தில் அடிக்காது. கடைசியாக எதற்குக் கொடுத்தீர்களோ அதையே முதன்மையாக வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸில் ஆனில் இருக்கலாம். பிரிண்டர்ஸ் செட்டிங்ஸில் அதை அணைத்துவிட்டு, உங்கள் பிரிண்டரை டிஃபால்ட் ஆக்குங்கள்.

தமிழ் ஃபைல் ஒண்ணு வந்திருக்கு. திறந்தா புரியாத இங்கிலீஷ் எழுத்தா இருக்கு. வைரஸா?

இல்லை. அது யூனிகோட் (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்ட ஃபைல். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. உங்களிடம் அது இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. அனுப்பியவரிடம் எந்த எழுத்துரு என்று கேட்டு வாங்கி நிறுவுங்கள், அல்லது யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டு எடுங்கள். பத்திரம், விண்ணப்பம் போன்றவை என்றால் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்வது நல்லது. எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்து வந்துவிடும்.

நீங்கள் அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, ஒலிப்பு முறை விசைப்பலகைகள் கிடைக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

ஜெராக்ஸ் கடைல பென்டிரைவ் போட்டேன். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சு, உள்ள இருந்தது போச்சா?

போகவில்லை. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் தீரும். அந்த வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கிறது. ஃபோல்டர் என்று நினைத்து டபுள் கிளிக் செய்ததும் வைரஸ் முதலில் ஓடி உங்கள் கம்ப்யூட்டருக்குள் இறங்கும், பிறகு ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதனால் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். ஆகவே அந்த ஷார்ட்கட் எதையும் கிளிக் செய்யாதீர்கள்.

பென்டிரைவை வலது கிளிக் செய்து விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை என்பதில் இருக்கும் டிக்கை எடுங்கள். இரண்டும் வேண்டும், முதலாவதை மட்டும் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பவர்களே அதிகம். இப்போது உங்கள் ஃபோல்டர்கள் வெளிறிய நிறத்தில் தெரியும். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும், அதையும் திறந்து பாருங்கள்.

உள்ளே இருக்கும் போட்டோ, ஆவணம் போன்றவற்றை மட்டும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். நீங்கள் வைக்காத எதையும் எடுக்காதீர்கள். பிறகு பென்டிரைவை ஃபார்மட் செய்யலாம், ஃபார்மட் சரியான மருந்தாகும் இடம் இது. சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

அப்போ காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும் என்பதே என் கருத்து. அதை ஆனில் வைத்திருந்து அப்டேட் செய்தாலே போதும். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாகப் போட்டால் பாதுகாப்பு இரண்டு மடங்காகாது, வேகம்தான் குறையும்.

நான் பார்க்கும் வைரஸ் கேஸ்களில் பெரும்பாலானவை கிராக் மென்பொருளோடு, அதாவது காசு கொடுக்காமல் ஓட்டப் பூட்டை உடைத்த மென்பொருளோடு வந்தவை. "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்" என்று ஒரு கிராக் கேட்கும்போதே கதவைத் திறந்துவைக்கச் சொல்கிறது. பணம் இல்லை என்றால் லிப்ரே ஆஃபீஸ் போன்ற இலவச மென்பொருள்கள் முறையாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

ஸ்கிரீன் முழுக்க சிவப்பா எச்சரிக்கை வந்து சத்தம் போடுது. ஒரு நம்பருக்குப் போன் பண்ணச் சொல்லுது.

செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது, அவர்கள் தாமாக உங்களைக் கூப்பிடவும் மாட்டார்கள். அது முழுத்திரையில் திறந்த ஒரு வெப்பக்கம், அவ்வளவுதான். எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், போகவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை எண்ட் டாஸ்க் கொடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே பேசி, அவர்கள் சொன்ன ஆப்பை நிறுவி, ஸ்கிரீனைப் பார்க்க அனுமதித்துவிட்டீர்கள் என்றால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அது இந்தியா முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். பணம் கைமாறி வெளியே போகுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

நீல கலர்ல ஸ்கிரீன் வந்து தானா ரீஸ்டார்ட் ஆகுது.

அந்தத் திரையைப் போனில் படம் எடுங்கள். கீழே ஸ்டாப் கோட் என்று ஒரு வரி இருக்கும், அதுதான் முக்கியம். புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் இந்தத் திரை கறுப்பாக வரும், ஸ்டாப் கோட் அதிலும் உண்டு. எப்போதோ ஒருமுறை வந்தால் பரவாயில்லை. அடிக்கடி வந்தால், தொடங்கிய நாளையொட்டி எதை மாற்றினீர்கள் என்று யோசியுங்கள்: புது ரேம், புது டிரைவர், புது ஆன்டிவைரஸ்? அதை முதலில் எடுத்துப் பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. அவற்றின் ஹார்ட்வேரில் ஒரு குறையும் இல்லை.

ஒன்றும் மாற்றவில்லை என்றால் ஸ்டார்ட்டில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட்டுங்கள், ரேமைச் சோதிக்கும். அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, ஸ்லாஷ், அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் அடித்தால், சிதைந்த விண்டோஸ் ஃபைல்களை அதுவே சரிசெய்யும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஃபைல்கள் இப்படிச் சிதைவது இயல்பு. இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யூபிஎஸ் மோட் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்டேட் பாதியில நிக்குது. ஆஃப் பண்ணிடலாமா?

உடனே வேண்டாம். 30 சதவீதத்தில் அரை மணி நேரம் நிற்பது ஹார்ட் டிஸ்க் மெஷினில் சகஜம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. சில மணி நேரம் கடந்தும் அசைவே இல்லை என்றால் மட்டும் பவர் பட்டனை பத்து நொடி அழுத்தி அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் விண்டோஸ் தானே பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும்.

விண்டோஸ் 10 முடிஞ்சிடுச்சாமே. கம்ப்யூட்டர் இனி ஓடாதா?

ஓடும். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன, அவ்வளவுதான். வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு இருக்கும். விண்டோஸ் 11-க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். டிபிஎம் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) அணைந்திருந்தாலும் "தகுதி இல்லை" என்றுதான் காட்டும். புது மெஷின் வாங்கும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டெஸ்க்டாப்ல இருந்த ஃபைல் எல்லாம் ஒரே நாள்ல காணோம்!

யாராவது ஒன்டிரைவை (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு வசதி) அணைத்தார்களா என்று கேளுங்கள். ஒன்டிரைவின் பேக்கப்புக்குச் சம்மதம் கொடுத்தால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய ஃபோல்டர்களே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறிவிடும். பிறகு பேக்கப்பை நிறுத்தும்போது விண்டோஸ் காலியான பழைய டெஸ்க்டாப்பைக் காட்டலாம். சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஒன்டிரைவ், டெஸ்க்டாப் என்று உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்தில் பாருங்கள்.

இலவச இடம் 5 ஜிபிதான். அது நிறைந்ததும் இடம் செய்வதற்காகத் தளத்தில் ஃபைல்களை அழிப்பவர்கள் உண்டு. அங்கே அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழியும், இரண்டும் ஒரே ஃபைல்.

தெரியாம டெலிட் பண்ணிட்டேன். ரீசைக்கிள் பின்லயும் இல்ல.

அந்த டிரைவில் வேறு எதையும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளைக்கூட அதே டிரைவில் நிறுவக்கூடாது. ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், மெமரி கார்டு என்றால் அழித்த ஃபைலின் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை திரும்ப எடுக்க வாய்ப்பு இருக்கிறது. பென்டிரைவில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, ஷிஃப்ட் டெலிட்டும் அப்படியே. எஸ்எஸ்டி என்றால் நிலைமை கடினம்: அழித்த இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாட்டின் மூலம் அதுவே சுத்தம் செய்துவிடும். எஸ்எஸ்டி வாங்கச் சொன்ன நானே சொல்கிறேன், அதோடு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் வாங்கி வாரம் ஒருமுறை காப்பி எடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்ல 'டிக் டிக்'னு சத்தம் வருது.

இப்போதே அணையுங்கள். ஸ்கேன், ரிப்பேர் எதுவும் ஓட்ட வேண்டாம், ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடலாம். உள்ளே இருப்பது முக்கியம் என்றால் நேராக டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். முக்கியமில்லை என்றால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

பிட்லாக்கர் கீ கேக்குது. நான் அப்படி எதுவும் வைக்கவே இல்லையே?

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்திருக்கிறது. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கொடுத்து உள்ளே போகும்போதே பல மாடல்களில் டிஸ்க் பூட்டப்பட்டுவிடும், சாவி அந்த அக்கவுண்ட்டில் சேமிக்கப்படும். பயாஸ் அப்டேட் செய்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். போனில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் தளத்துக்குப் போய், உங்கள் சாதனங்களின் கீழ் ரெக்கவரி கீயைப் பாருங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் அங்கே உள்ளதோடு பொருந்த வேண்டும்.

லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்தது கடைக்காரரோ அண்ணன் மகனோ என்றால் சாவி அவருடைய அக்கவுண்ட்டில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சாவி கிடைக்கவே இல்லை என்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதைப் படிக்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது என்றால், இன்றைக்கே அந்தச் சாவியைத் தேடி ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். இனி ஃபார்மட்தான்னா எப்படிப் பண்றது?

செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் ரீசெட் திஸ் பிசி இருக்கிறது. விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால், லோகோ வரும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானாக வரும், அங்கேயும் அது உண்டு. கீப் மை ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஃபைல்கள் இருக்கும், நீங்கள் நிறுவிய நிரல்கள் போய்விடும். ரிமூவ் எவ்ரிதிங் என்று போனால், விண்டோஸ் உள்ள டிரைவை மட்டுமா எல்லா டிரைவையுமா என்பதை வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டி டிரைவை இழப்பது அங்கேதான். ஒரிஜினல் விண்டோஸ் என்றால் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், அதே மதர்போர்டு இருக்கும் வரை நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

கீப் மை ஃபைல்ஸ் என்றாலும் அதை நம்பி மட்டும் இறங்காதீர்கள், முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், போட்டோக்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர் ஆகியவைதான் அதிகம் விட்டுப்போவது. காப்பி முடிந்ததும் அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபோல்டருக்கு இரண்டு மூன்று ஃபைலாவது திறந்து பாருங்கள். அவை திறந்தால் ரீசெட் பட்டனை அழுத்தலாம்.